காலையில் கண்ட தடிப்பும் அலுமாரிக்குப் பின்னால் நின்ற சிலந்தியும்

சம்மாந்துறையில் வயலோரத்துப் பழைய ஓட்டு வீடொன்றுக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகிறது என்றும், நேற்று முன்தினம் காலையில் ஆறு வயது மகளின் கெண்டைக்காலில் சிவந்த தடிப்பொன்றைக் கண்டதாகவும், அன்றிரவே அலுமாரிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பழுப்புச் சிலந்தி வெள்ளையாக எதையோ வயிற்றடியில் அணைத்தபடி நின்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கேனும் சிலந்தி கடித்த அனுபவம் உண்டா, கடித்தால் என்ன ஆகும், அதை ஆபத்தில்லாமல் எப்படி அப்புறப்படுத்துவது என்பவை நீங்கள் கேட்டவை. அயலவர் விசகடி வைத்தியரிடம் போகச் சொல்வதையும், கணவர் வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் அடிக்க நினைப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, இன்றிரவு பிள்ளையை அந்த அறையில் படுக்க வைக்கலாமா என்பதே உங்கள் மனத்தை அரிக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படுக்க வைக்கலாம்; ஆனால் தரையில் வேண்டாம், நுளம்பு வலை இல்லாமலும் வேண்டாம். நான் அப்படிச் சொல்வது சிலந்திக்குப் பயந்து அல்ல என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலும் விடுதிகளிலுமாக 27 ஆண்டுகள் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் நான். வைத்தியர் அல்லன். ஆகவே நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து இன்னது கடித்தது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தடிப்பின் படத்தை மட்டும் பார்த்து அப்படிச் சொல்பவர் யாராயினும் அவரை நம்பாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உயர்தரத்தில் விலங்கியல் படித்த நாளிலிருந்தே சிலந்திகள் மீது எனக்கு ஒரு பிடிப்பு இருந்ததால், சிலந்தி கடித்துவிட்டது என்று வருபவர்களிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பேன்: கடித்ததைக் கண்ணால் கண்டீர்களா? மிகப் பெரும்பாலானோர் காணவில்லை. காலையில் தடிப்பைக் கண்டார்கள், சுவரில் சிலந்தியைக் கண்டார்கள், இரண்டையும் தாங்களே முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. உங்கள் மகளைச் சிலந்தி கடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கடித்தது என்பதற்கு இதுவரை சாட்சி இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியிலேயே ஒரு வேர் இருக்கிறது. சிலந்தி என்ற சொல் எட்டுக்கால் பூச்சியையும் குறிக்கும், ஆழமாகப் பழுத்து உடைகிற கட்டியையும் குறிக்கும். பழைய அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன. 'பேரனுக்குச் சிலந்தி வந்திருக்கு' என்று ஒரு மூதாட்டி சொன்னால் அவர் சிலந்திக்கட்டியைச் சொல்கிறார். அதைக் கேட்கிற இளையவர்கள் பூச்சியை நினைத்து வீட்டைத் தலைகீழாக்குகிறார்கள். அந்தக் கட்டி பெரும்பாலும் ஸ்டெபிலோகொக்கஸ் என்ற பக்டீரியாவால் வருவது. தோலிலும் மூக்கினுள்ளும் சாதாரணமாகக் குடியிருக்கும் அந்தக் கிருமி, சொறிந்த இடத்தினூடாகவோ சிறு கீறலினூடாகவோ உள்ளே போய்ச் சீழ் வைக்கிறது. சிலந்திக் கடி என்று என்னிடம் காட்டப்பட்டவற்றில் நான் அதிகம் கண்டது இதைத்தான்.

அடுத்தது, நம் வயற்பகுதிகளுக்கே உரிய ஒன்று. அறுவடைக் காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு சிறு வண்டு வரும். செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். பார்வைக்கு நீண்ட எறும்பு போல இருக்கும். பீடெரஸ் என்பது அதன் அறிவியற் பெயர். அது கடிப்பதில்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊர்ந்ததை நாம் கையால் தேய்த்து நசுக்கும்போது அதன் உடற்சாறு தோலில் பட்டு, பெரும்பாலும் ஒரு நாள் கழிந்த பிறகே, கோடு இழுத்தாற்போலச் சிவந்து எரிந்து கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரண்டு பக்கத்திலும் ஒரே அச்சாக விழும். இதைத்தான் நம் ஊரில் பலர் சிலந்தி எச்சில் பட்டது, சிலந்தி மூத்திரம் பெய்தது என்கிறார்கள். அக்கிக் கொப்புளங்களையும் சிலர் அவ்வாறே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சிலந்தி நடந்து போனதால் மட்டும் தோல் இப்படிப் பொங்குவதில்லை. மட்டத்தேள் கடித்தால் வலி உடனே தெரியும், பிள்ளை அலறி எழும்பியிருக்கும். பற்றைக் காட்டுப் பக்கம் போய்வந்தவருக்குக் காய்ச்சலும் தலையிடியும் வந்து, உடலில் எங்கோ ஓரிடத்தில் சுருட்டால் சுட்டதுபோல வலியில்லாத கறுத்த பொருக்கு இருந்தால், அது ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலாக இருக்கலாம். மிகச் சிறிய ஒரு வகை உண்ணியின் குஞ்சுப் பருவம் கடித்துப் பரப்புவது அது. சரியான மருந்துக்கு விரைவில் குணமாகும். சிலந்திக் கடி என்று எண்ணி எண்ணெய் பூசிக்கொண்டிருந்தால் ஆபத்தாகும்.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு ஆய்வும் உண்டு. அவுஸ்திரேலியாவில் ஐஸ்பிஸ்டர், கிரே என்ற இருவர், கடித்த சிலந்தியையே பிடித்து நிபுணர் இனங்கண்ட 750 கடிகளைத் தொடர்ந்து கவனித்து 2002 இல் வெளியிட்டார்கள். அந்த 750 பேரில் ஒருவருக்கேனும் சதை அழுகும் புண் வரவில்லை. சதையை அழுக வைக்கும் சிலந்தி என்று காணொளிகளில் காட்டப்படும் பழுப்பு நிற அமெரிக்க இனமோ அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் வாழ்வது. அங்கேயும் கன்சாஸ் மாநிலத்தில் ஒரே வீட்டில் ஆறு மாதத்தில் அந்த இனச் சிலந்திகள் 2,055 பிடிபட்டன. அவ்வீட்டில் குடியிருந்த எவரும் கடிபடவில்லை. கடிப்பது சிலந்திக்கு இரை பிடிக்கும் வழி. மனிதன் அதற்கு இரையல்ல. பெரும்பாலும் தோலுக்கும் ஏதேனும் ஒன்றுக்கும் இடையில் நசுங்கும்போதுதான் அது நம்மைக் கடிக்கிறது.

எனக்குக் கடித்ததும் அப்படித்தான். நீங்கள் விபரித்திருப்பதும் எனக்குக் கடித்ததும் ஒரே இனமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வலை பின்னாது, இரவில் சுவரில் ஓடிக் கரப்பானைப் பிடிக்கும் வேட்டைச் சிலந்தி அது. ஹெட்டரோபோடா வெனடோரியா என்பது அதன் பெயர். தட்டையான பழுப்பு உடல், நண்டைப்போலப் பக்கவாட்டில் விரிந்த கால்கள், கண்களுக்குக் கீழே மீசை வைத்தாற்போல ஒரு வெளிர்மஞ்சள் பட்டை. அடியில் அணைத்திருந்த வெள்ளைப் பொருள் அதன் முட்டைப்பை. நாணயம்போல வட்டமாகத் தட்டையாக இருக்கும், உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும். ஒரு மாரியில், கொடியில் காயாமல் கிடந்த சேட்டை எடுத்து உதறாமல் கையை நுழைத்தேன். கைமடிப்புக்குள் அது இருந்திருக்கிறது. தேனீ கொட்டியதுபோலச் சுரீரென்றது. பெருவிரலின் அடியில் ஒரு குண்டூசித் தலை இடைவெளியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒன்றில் மட்டும் ஒரு பொட்டு இரத்தம். கால் மணித்தியாலம் நன்றாக வலித்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைத்தேன். மாலையில் வலி போய்விட்டது; மறுநாள் உழுந்து அளவில் ஒரு தடிப்பும் கொஞ்சம் அரிப்பும் இருந்தன; மூன்றாம் நாள் அதுவும் இல்லை. அதற்குமேல் சொல்ல அந்தக் கடியில் எதுவும் இல்லை.

அப்படி இலேசாக விட முடியாத சிலந்திகளும் நம் நாட்டில் உண்டு. புலிமுகச் சிலந்தி என்று நாம் சொல்வது போயெசிலோதீரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. இலங்கையும் இந்தியாவும் மட்டுமே அதற்குத் தாயகம். மரப்பொந்தில் வாழும், மயிர் அடர்ந்தது, காலில் கறுப்பு வெள்ளை மஞ்சள் வரிகள் தெரியும், மழைக்காலத்தில் ஓட்டு வீடுகளுக்குள்ளும் ஏறிவிடும். சாம்பலும் வெள்ளையுமாக அதன் முதுகில் ஓடும் கோலத்தை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தவர் அதைச் சாதாரண வீட்டுச் சிலந்தியோடு குழப்பிக்கொள்ள மாட்டார். பட்டுப்போன புளியமரத்தைத் தறித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞருக்கு நடுவிரலில் கடித்து, கடித்த சிலந்தியையும் போத்தலில் போட்டுக்கொண்டு வந்தார். வலி தோள்வரை ஏறியிருந்தது, வியர்த்துக் கொட்டியது. அன்றிரவு தணிந்து வீட்டுக்குப் போனவர் இரண்டாம் நாள் திரும்பி வந்தார். தொடையும் கெண்டையும் மாறி மாறிக் குரக்கை பிடித்து அவரால் குந்தி எழும்ப முடியவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வலி நிவாரணியும் தசைப் பிடிப்புக்கான மருந்தும் ஓய்வும் பொறுமையுமே. பத்து நாட்கள் சென்றன. 2014 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இப்பேரினத்தின் கடிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இத்தகைய தசைப் பிடிப்பு வந்ததாகக் காட்டியது. பிடிப்பு நாட்கணக்கில் தாமதித்தும் வரலாம். இதற்கென்று எதிர்நஞ்சு கிடையாது. ஆனால் இது மிக அரிதாகி வரும் உயிர். 2019 முதல் இப்பேரினம் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. கண்டவுடன் மண்வெட்டியால் அடிப்பதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். கறுப்பு விதவையின் உறவான ஒரு சிலந்தியும் இலங்கையில் உண்டு. 1991 இல் இங்கிருந்தே அது அறிவியலுக்கு விபரிக்கப்பட்டது. பளபளப்பான சிறிய கறுப்பு உடலில் சிவப்புக் குறி இருக்கும். அவ்வகைச் சிலந்தி கடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் வலி கூடிக்கொண்டே போய், வயிறு இறுகும், வியர்க்கும். அத்தகைய கடிக்கு நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இனி, தரையில் படுக்க வேண்டாம் என்றதற்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, மார்கழி மாதம், விடியப்புறம் நாலு மணியிருக்கும். வேளாண்மைக் காவலுக்கு வயல்வாடியில் பன்பாய் விரித்துப் படுத்திருந்த ஒருவரை மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் இருத்திக் கொண்டு வந்தார்கள். ஏதோ பூச்சி கடித்தது, சிலந்தியாக இருக்கும் என்றார்கள். கணுக்காலில் வீக்கம் இல்லை, வலி இல்லை, குறி என்று சொல்ல ஒன்றும் இல்லை. வயிறு மட்டும் முறுக்குகிறது என்றார். நான் துண்டில் 'பூச்சிக்கடி' என்று எழுதி அவரை வாங்கில் இருத்திவிட்டு வேறு வேலைக்குத் திரும்பினேன். கடமையிலிருந்த வைத்தியர் வந்து அவரிடம் கேட்டது ஒன்றே: 'என்னை நிமிர்ந்து பாருங்கோ.' அவர் தலையைத்தான் நிமிர்த்தினார், இமைகள் உயரவில்லை. கடித்தது எண்ணெய் விரியன். எட்டடி விரியன் என்றும் அதைச் சொல்வார்கள். எதிர்நஞ்சு ஏற்றி, குழாய் செருகி, கையால் காற்றை அழுத்தியபடியே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினோம். நாலு நாட்கள் சுவாச இயந்திரத்தில் இருந்து பிழைத்தார். அந்தத் துண்டில் என் கையெழுத்தில் இருந்த அந்தச் சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை.

எண்ணெய் விரியன் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், தரையில் உறங்குபவரைக் கடிக்கிறது. பல் மிகச் சிறியது; பலர் விழிப்பதுகூட இல்லை. ஆகவே இரவில் கடித்து, கடித்தது எது என்று காணாத எந்தக் கடியையும் சிலந்தி என்று பெயரிட்டு வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வயிற்றுவலி, வாந்தி, இமை தொங்குதல், பார்வை இரட்டித்தல், விழுங்கவோ பேசவோ கஷ்டம், மூச்சு வாங்குதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் போங்கள். விசகடி வைத்தியர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன்; நோயாளியை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பி வைத்த பெரியவர்களை நான் அறிவேன். ஆனால் மூச்சுத் தசை சோர்ந்தவருக்கு வேண்டியது சுவாச இயந்திரம். அது அவர்களிடம் இல்லை. வைத்தியசாலையில் உடனே ஊசி போடாமல் ஒரு நாள் வைத்துக் கவனித்தால் அதையும் அலட்சியம் என்று எண்ணாதீர்கள். நாம் பயன்படுத்தும் இந்திய எதிர்நஞ்சு நாகம், எண்ணெய் விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குமே உரியது. அதனால் கடுமையான ஒவ்வாமையும் வரலாம் என்பதால் அறிகுறி பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

உங்கள் மகளுக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சல் இல்லை, ஓடி விளையாடுகிறாள், சாப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாம்பு பற்றிய பயத்தை அந்த இரண்டு நாட்களே தீர்த்துவிட்டன. இனிப் பார்க்க வேண்டியது கிருமித் தொற்று ஒன்றுதான். தடிப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சிவப்பின் ஓரத்தைச் சுற்றி பேனையால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வையுங்கள். நாளைக் காலையில் சிவப்பு வட்டத்தைத் தாண்டியிருந்தால், அல்லது சூடேறி நடுவில் சீழ் தெரிந்தால், அல்லது காய்ச்சல் வந்தால், வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். அந்தக் காலில் கொலுசு இருந்தால் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், இலைச்சாறு எதையும் வைக்க வேண்டாம்; கீறவும் உறிஞ்சவும் கயிறு கட்டவும் வேண்டாம். நகத்தை வெட்டிவிடுங்கள், பிள்ளைகளின் புண் பெரும்பாலும் சொறிந்தே பெரிதாகிறது.

வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் அடிக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் கேட்டுக்கொண்டதாகவே சொல்லுங்கள். அது சுவரிலும் மெத்தையிலும் படிந்து, தரையில் விளையாடும் பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போகும். சிலந்தி கடித்து நான் காணாத மோசமான நிலைகளை அந்த மருந்துகளால் கண்டிருக்கிறேன். அவர் விவசாயி என்பதால் இன்னொன்றையும் சொல்லலாம்: கபிலநிறத் தத்தியை நெற்பயிரில் பிடித்துத் தின்னும் முக்கியமான உயிர் ஓநாய்ச் சிலந்தி, அது ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சிகள் வரை தின்னும். தேவையில்லாமல் மருந்தடித்த வயலில் முதலில் சாவது அதுதான், பிறகு தத்தி பெருகுகிறது. வீட்டிலும் கரப்பான் இருக்கும்வரை வேட்டைச் சிலந்தி வரும். சமையலறையை இரவில் துடைத்து வைப்பதும், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவதும், வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகுவதும், பள்ளிச் சப்பாத்தையும் கொடியிலுள்ள உடுப்பையும் உதறிப் போடுவதும் போதும். விறகு, உரச்சாக்கு, பழைய ஓடு எடுக்கும்போது கையுறை போடுங்கள். கை போகும் இடத்தைக் கண் முதலில் பார்க்க வேண்டும்.

அலுமாரிக்குப் பின்னால் நிற்பதைப் பிடிப்பதற்கு ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாவும், பழைய கலண்டரின் தடித்த மட்டையும் எடுங்கள். உள்ளே தெரிகிற டப்பாவாக இருந்தால் நல்லது. தயிர்ச்சட்டி வேண்டாம், அது உருண்டையாக இருப்பதால் சுவரோடு பொருந்தாது. பிள்ளையை வேறு அறையில் இருத்திவிட்டு, நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒருவர் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க, மற்றவர் அலுமாரியை மெதுவாக நகர்த்துங்கள். இந்தச் சிலந்தி பெரும்பாலும் தலை இருக்கும் பக்கமாகப் பாய்ந்து ஓடும். ஆகவே டப்பாவைத் தலைப்பக்கத்தை மறைத்தபடி கொண்டுபோய், தயங்காமல் சுவரோடு அழுத்துங்கள். கால் நுனி ஏதேனும் விளிம்பில் அகப்பட்டால் ஒரு நூலளவு தளர்த்தினால் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு மட்டையைச் சுவரோடு உரசியபடி கீழிருந்து மேலாகச் செருகி, மட்டையோடு சேர்த்துத் தூக்குங்கள். கையில் ஏந்திப் பார்க்க வேண்டாம். முட்டைப்பை உள்ளபோது அது சுலபமாகக் கடிக்கும். தும்புத்தடியாலும் அடிக்க வேண்டாம். பை கிழிந்தால் பொரிக்கும் தறுவாயிலுள்ள குஞ்சுகள் அறையெங்கும் சிதறும். வயல் வரம்புப் பக்கம் விறகு அடுக்கியிருந்தால் அங்கே டப்பாவைச் சாய்த்து வைத்துவிட்டு மட்டையை எடுங்கள். உள்ளேயிருப்பது தானாகப் போகட்டும், நீங்கள் தட்ட வேண்டாம். அங்கே நிற்பது மயிர் அடர்ந்த, வரிக்கால் கொண்ட புலிமுகச் சிலந்தியாக இருந்தால் மட்டும் இந்த முறை வேண்டாம். அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடைவெளியில் சாக்கைச் செருகிவிட்டு, பிரதேசத்தில் உள்ள வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.